வட சிரியாவின் "இறந்த நகரங்கள்"

சிரியா தேசத்தின் வடமேற்கே, அலெப்போ நகருக்கும் பண்டை அந்தியோக்கியா நகருக்கும் இடைப்பட்ட நாட்டிலே, சுண்ணக்கற் குன்றுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. அந்நிலப்பகுதி ஏறத்தாழ 140 கிலோமீற்றர் நீளமும், 20 முதல் 40 கிலோமீற்றர் வரை அகலமும் உடையது. மேற்பரப்பிற் பெரும்பகுதி வெறும் பாறை. குழிவுகளிலும் சிறு பள்ளத்தாக்குகளிலும் மாத்திரம் செம்மண் திரண்டிருக்கின்றது. சுண்ணக்கல்லும் செம்மண்ணும் யாழ்ப்பாணத்து நேயர்களுக்குப் புதியன அல்ல. ஆயினும் இங்கே கிணறு தோண்டி நீர் இறைப்பதுபோல அக்குன்றுகளின்மேல் இறைத்தல் எளிதன்று. பாறையைக் குடைந்து தொட்டி அமைத்து, மாரியிற் பெய்யும் மழைநீரைத் தேக்கி வைத்தே அங்கு மக்கள் வாழவேண்டியிருந்தது.

இத்தகைய வன்னிலத்திலே 700 வரையான பழைய ஊர்கள் பாழடைந்து நிற்கின்றன. நிற்கின்றன என்ற சொல்லை வேண்டுமென்றே கூறினேன். உரோமர் காலத்து ஊர் எனின், மண்ணைத் தோண்டி அடித்தளத்தைத் தேடுவதே பெரும்பாலும் வழக்கம். இங்கோ இரண்டு மாடி வீடுகளின் சுவர்கள் முகடு வரை நிமிர்ந்து நிற்கின்றன. சாளரங்களும் தாழ்வாரத் தூண்களும் வாயில் நிலைகளும் அப்படியே உள்ளன. மரத்தாலான கூரையும் அதன்மேல் வேய்ந்த ஓடுமே அழிந்துபோயின. பெரிய சதுரக் கற்களைச் சாந்து இல்லாமலே ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கட்டியமையாற் சுவர்கள் நிலைத்தன. பிற்காலத்தில் அக்குன்றுகளின்மேற் பெருநகர் எதுவும் எழாமையால், கற்களைப் பெயர்த்துச் செல்வாரும் மிகுதியாக இருக்கவில்லை.

இவ்வூர்களை 1861ஆம், 1862ஆம் ஆண்டுகளிற் சுற்றிப் பார்த்து உலகுக்கு அறிவித்தவர் மெல்கியோர் த வொகுவே என்னும் பிரெஞ்சுப் பிரபு. அமெரிக்காவின் பிரின்சுதன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவார்டு குரொசுபி பட்லர், 1899 முதல் 1909 வரை மூன்று பயணங்களை நடத்திக் கட்டடங்களை அளந்து வரைந்தார். "இறந்த நகரங்கள்" என்னும் பெயர் நாளடைவில் இவற்றுக்கு வழங்கலாயிற்று. கவர்ச்சியான பெயர்தான், ஆனால் இரண்டு சொல்லுமே பிழையானவை. அவை நகரங்களல்ல. எதிர்பாராது ஒருநாள் இறந்தவையும் அல்ல. இவ்விரண்டையும் அறிஞர்கள் எவ்வாறு கண்டுகொண்டனர் என்பதே இன்று நான் சொல்லவிருக்கும் செய்தி.

முதலில் ஓர் ஊருக்குட் புகுந்து பார்ப்போம். நேரான வீதிகள் இல்லை. மன்றமோ அரங்கோ இல்லை. வீடுகள் தமக்கு வசதியான திசையிற் கூட்டங்கூட்டமாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு வீட்டையும் உயர்ந்த மதில் சூழ்ந்திருக்கும். மதிலுக்குள்ளே முற்றம், முற்றத்தை நோக்கியபடி தாழ்வாரம், அதன் பின்னே அறைகள். கீழ் அறைகளிற் கல்லாற் செதுக்கிய தீவனத் தொட்டிகள் வரிசையாகக் காணப்படுகின்றன. எனவே கீழே கால்நடைகளும் பண்டங்களும் இருந்தன. மேன்மாடியில் மக்கள் வாழ்ந்தனர். செர்யில்லா என்னும் ஊரில் நீராடு மண்டபம் ஒன்று உண்டு. அதனை 473ஆம் ஆண்டிலே யூலியானோசு என்பவரும் அவர் மனைவி தொம்னாவும் கட்டுவித்தனர். அப்பெயர்களைத் தாங்கிய வண்ணக்கற் பதிப்புத் தளத்தைப் பட்லர் குழுவினர் 1899இற் கண்டனர். ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது அத்தளம் அங்கே இருக்கவில்லை. பல நூற்றாண்டு கிடந்த பொருள் ஆறு ஆண்டில் மறைந்தது. பட்லர் குழுவினர் அதனைப் பதிவுசெய்திராவிடின் அத்தம்பதியரின் பெயரையும் நாம் அறிந்திருக்கமாட்டோம்.

ஊர்தோறும் எண்ணெய் ஆட்டும் ஆலைகள் காணப்படுகின்றன. நம்முடைய செக்கில் உலக்கை சுழன்று எள்ளை நசுக்கும். அங்கே ஒலிவப் பழங்களைக் கற்றொட்டியிலிட்டு, உருளைக்கல்லால் முதலில் நசுக்கினர். பின்னர் அக்கூழைக் கூடைகளில் இட்டு அடுக்கி, நீண்ட மரத்துலாவின் கீழ் வைத்தனர். துலாவின் ஒரு முனை சுவரிலுள்ள மாடத்தில் மாட்டியிருக்கும். மறு முனையிற் பெருங்கல்லைத் தொங்கவிட்டு இழுத்தால், எண்ணெய் கசிந்து வாய்க்கால் வழியாகத் தொட்டியிற் சேரும். கபர்நபோ என்னும் ஊரில் இத்தகைய ஆலையொன்றை 224ஆம் ஆண்டிலே அமைத்துத் தம் தெய்வங்களுக்கு அர்ப்பணித்ததாக ஒரு சாசனம் கூறுகின்றது.

ஆண்டு எவ்வாறு தெரிந்தது என்று நேயர்கள் வினவலாம். வீட்டு வாயிலிலும் தேவாலயச் சுவரிலும் கிரேக்க மொழியில் ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. ஆனால் அது நாம் வழங்கும் கிறித்து ஆண்டன்று. வடபகுதி ஊர்கள் அந்தியோக்கியா நகரைச் சார்ந்தவை, அவை கி. மு. 49இல் தொடங்கிய அந்நகரின் ஆண்டுக் கணக்கைப் பின்பற்றின. அக்கணக்கில் 400 என்றிருந்தால் அது கி. பி. 351-352 ஆகும். தெற்கே அபாமேயா நகரைச் சார்ந்த ஊர்களோ, கி. மு. 312இல் தொடங்கிய செலூக்கியர் கணக்கைக் கைக்கொண்டன. ஊர் எந்நகரைச் சார்ந்தது என்று அறியாது கணித்தால் 263 ஆண்டு பிழைத்துவிடும். இவ்வாறு கணித்த ஆண்டுகளை நிரல்படுத்தியபோது ஓர் உண்மை புலப்பட்டது. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதற் கட்டடங்கள் பெருகுகின்றன. 5ஆம் நூற்றாண்டில் உச்சம் அடைகின்றன. 550ஐ அடுத்துப் புதிய வீடுகள் அருகிவிடுகின்றன. 610இன் பின்னர்த் தேவாலயமும் எழுவது அரிதாகின்றது.

இதற்குக் காரணம் யாது? இசுலாமியப் படையெடுப்பின்போது ஊர்கள் ஒருங்கே கைவிடப்பட்டன என்று த வொகுவே கருதினார். காடு அழிந்து மண் அரித்துச் செல்லப்பட்டமையே காரணம் என்றார் பட்லர். பின்னர் வந்தவர் சோர்சு சலெங்கோ என்னும் கட்டடக்கலைஞர். உருசியாவிற் பிறந்தவர், பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து சிரியாவிற் பணியாற்றியவர். 1953 முதல் 1958 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கே அடித்தளமாயிற்று. தானியம் விளையாத பாறைநிலத்தில் ஒலிவம் ஒன்றையே பயிராக்கி, எண்ணெயைக் கடல்வழியே பிற நாடுகளுக்கு விற்று இவ்வூரார் செல்வம் ஈட்டினர் என்றார் அவர். பாரசீகர் 611இல் அந்தியோக்கியாவைக் கைப்பற்றினர். அடுத்து அரபியர் ஆட்சி வந்தது. மேற்றிசைச் சந்தை அற்றுப்போயிற்று. ஒரே பயிரை நம்பியவர்கள் ஊரைவிட்டு நீங்கினர் என்பது அவர் கொள்கை.

காரணமும் காரியமும் இத்துணை அழகாகப் பொருந்திய விளக்கம் வரலாற்றில் அரிது. அதனாற் பலரும் அதனை ஏற்றனர். ஆனால் ஒரு குறை இருந்தது. சலெங்கோவும் முன்னோரும் நிலத்தின்மேல் நின்றவற்றையே ஆராய்ந்தனர். நிலத்தை அகழ்ந்து பார்க்கவில்லை.

அக்குறையை நீக்க, பிரெஞ்சு ஆய்வாளர் 1976 முதல் 1978 வரை தெகேசு என்னும் ஊரில் அகழ்ந்தனர். அங்கே சில கட்டடங்களைச் சந்தை என்றும் விடுதி என்றும் சலெங்கோ குறித்திருந்தார். அகழ்ந்தபோது அவை வீடுகள் என்றே தெரியவந்தது. அதனினும் பெரிய வியப்பு மண்ணடுக்குகளில் இருந்தது. வீட்டுத் தளங்களின்மேற் கிடைத்த மட்பாண்டங்களும் காசுகளும் 7ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடவில்லை. அரபியர் ஆட்சிக்காலத்தினூடே 9ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தன. சாசனம் பொறிப்பது நின்றபின்னும் இருநூறு ஆண்டுக்கு மேலாக அவ்வீடுகளில் அடுப்பு எரிந்தது. தொட்டியில் மாடு தீவனம் தின்றது. உறுதியான கல்வீடு இருப்பவன் புதுவீடு கட்டவேண்டியதில்லை அன்றோ? கட்டவில்லை என்பதைக் கொண்டு வாழவில்லை என்று முடிவுசெய்தமையே பழைய கொள்கைகளின் வழு.

சோர்சு தாத்து என்பவர் 46 ஊர்களின் வீடுகளை ஆராய்ந்து, 1992இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் முடிவின்படி இவ்வூரார் ஒலிவத்தை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. கோதுமை, காய்கறி, பழம், திராட்சை, கால்நடை ஆகிய யாவும் இருந்தன. தீவனத் தொட்டிகளே அதற்குச் சான்று. ஆலைகளுட் பல எண்ணெய்க்கன்றித் திராட்சை மதுவுக்கு உரியன என்று கருதுவாரும் உளர். இவ்வீடுகளுக்குரியவர் பெருநிலக்கிழாரும் அல்லர். பெரும்பாலோர் சொந்தக் காணியில் உழைத்த குடியானவர். மிஞ்சிய விளைவைப் பக்கத்து நகரங்களில் விற்று, அப்பணத்திற் கல்தச்சரை அமர்த்தி வீடு கட்டினர். வீட்டை இடித்துப் பெரிதாக்காது, பிள்ளைகள் பெருகப் பெருக அறைக்குமேல் அறையாகச் சேர்த்தமையைச் சுவரிலுள்ள பொருத்துகள் காட்டுகின்றன.

அவ்வளர்ச்சி 550 அளவில் நின்றமைக்குக் காரணம் ஒன்றன்று. 526இலும் 528இலும் நிலநடுக்கம் அந்தியோக்கியாவைச் சிதைத்தது. 540இற் பாரசீகர் அந்நகரைச் சூறையாடினர். 542இற் கொள்ளைநோய் பரவிப் பின்னரும் பலமுறை திரும்பி வந்தது. அந்தியோக்கியாவில் வாழ்ந்த எவகிரியுசு என்னும் வரலாற்றாசிரியர், சிறுவயதில் அந்நோய் கண்டு பிழைத்தவர். பிற்காலத்தில் மனைவியையும் மக்களையும் அதற்கே பறிகொடுத்தவர். நகரத்துச் சந்தை தளர்ந்தபோது குன்றின்மேல் வாழ்ந்த குடியானவனும் தளர்ந்தான். ஆயினும் அவன் உடனே ஊரைவிட்டு ஓடவில்லை. பல தலைமுறையாகச் சிறிது சிறிதாகவே மக்கள் சமவெளிக்கு இறங்கினர்.

இக்குன்றுகளில் நாற்பது வரையான ஊர்களை யுனெஸ்கோ 2011இல் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றது. அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. 2013இல் அவை ஆபத்துக்குட்பட்ட சின்னங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. தூண்மேல் நின்று தவம் செய்து 459இல் மறைந்த புனித சிமியோனின் பேராலயமும் 2016இற் சேதமுற்றது. அப்போரில் வீடிழந்த குடும்பங்கள் பல, இப்பாழூர்களின் சுவர்களுக்கிடையே கூடாரம் இட்டும், பாறைக் குகைகளில் ஒதுங்கியும் உயிர் பிழைத்தன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னர் வெட்டிய மழைநீர்த் தொட்டிகளின் அருகே மீண்டும் சிறுவர் விளையாடினர்.

உரோமப் பேரரசு என்றதும் பேரரசர்களையும் படைகளையுமே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அப்பேரரசுக்குச் சோறிட்ட குடியானவன் தன்னைப்பற்றி எழுதி வைத்தவை மிகச் சில. அவன் வீட்டுத் தீவனத் தொட்டியும், முற்றத்து ஆலையும், உடைந்த பானையுமே அவனுக்காகப் பேசுகின்றன. தெகேசு ஊரின் உடைந்த பானைகளை எடுத்து ஆராயும்வரை, அவ்வூர் இருநூறு ஆண்டு முன்னரே இறந்துவிட்டதாக உலகம் நம்பியிருந்தது.