"பெட்டி காட்டலையே" என்று பதற வேண்டாம்: பழைய ஸ்டோரேஜ் பெட்டியில் சிக்கிய போட்டோக்களை மீட்பது எப்படி?

முகூர்த்த சீசன் வந்தால் போட்டோ ஸ்டூடியோக்களில் இந்த காட்சி சகஜம். சில வருடம் முன்பு கல்யாணம் முடிந்த வீட்டில் இருந்து ஒருவர் வந்து நிற்பார். "ஆல்பம் மழைத்தண்ணியில நனைஞ்சு போச்சு, இன்னொரு காப்பி போட்டுக் குடுங்க" என்பார். கடைப்பையன் கம்ப்யூட்டரை திறந்து பார்ப்பான். "அண்ணே, பெட்டியே காட்ட மாட்டேங்குது!" என்பான். முதலாளிக்கு வியர்த்து விடும்.

'நாஸ்' என்று அழைக்கப்படும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிதான் அது. உள்ளே ஒன்றோ, இரண்டோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். ரவுட்டரில் கேபிள் மூலம் செருகி விட்டால் கடையில் உள்ள எல்லா கம்ப்யூட்டரும் அதில் இருந்து பைலை எடுக்கலாம். ஸ்டூடியோ, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ் என்று பல இடங்களில் 10 வருடத்தை தாண்டியும் இவை ஓடிக்கொண்டு இருக்கின்றன.

கதவுதான் திறக்கவில்லை

பெட்டி காட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது அழிந்து விட்டது என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்கதவு திறக்கவில்லை என்பதற்காக பீரோவில் இருந்த நகை போய் விட்டது என்று யாரும் அழுவதில்லை. பல நேரங்களில் பைல்களுக்கு எமனாக வருவது பெட்டியின் கோளாறு அல்ல, பதற்றத்தில் அழுத்தப்படும் பட்டன்தான்.

முதலில் அடாப்டரை பாருங்க

இந்த வகை சின்ன பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. வருடக்கணக்கில் சூடாகி அடாப்டர் பலவீனம் அடைந்து விடும். லைட் எரியும், ஆனால் டிஸ்க் சுற்ற கரண்ட் பத்தாது. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் உள்ள வேறு அடாப்டரை போட்டு பார்க்க வேண்டும். லேன் கேபிளையும், அதை செருகும் போர்ட்டையும் மாற்றி பார்ப்பது நல்லது.

பிறகு பெட்டியின் அருகே காதை வைத்து கேட்க வேண்டும். ஒரே சீராக சுற்றும் சத்தம் வந்தால் நம்பிக்கை உண்டு. 'டக்... டக்...' என்று அடித்தால் உடனே கரண்டை நிறுத்தி விட வேண்டும். அது டிஸ்க் அடிபட்டதன் அடையாளம். திரும்ப திரும்ப ஆன் செய்தால் மிச்சம் இருப்பதும் போய் விடும். அந்த நிலையில் டேட்டா மீட்கும் நிபுணரிடம் போவதுதான் வழி.

புது ரவுட்டர் வந்ததா?

நெட் கனெக்ஷன் மாற்றிய மறுநாளே பெட்டி காணாமல் போவது உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐ.பி. எண் கொடுக்கிறது. பெட்டியில் பழைய எண்ணை யாராவது நிரந்தரமாக போட்டு வைத்திருந்தால் புது ரவுட்டரோடு ஒத்துப்போகாது.

இதற்கு எளிய வைத்தியம் உண்டு. மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, பெட்டியையும் கம்ப்யூட்டரையும் அதில் கேபிளில் செருகினால் போதும். இன்டர்நெட் தேவையே இல்லை. பெரும்பாலும் பெட்டி தானாக தலைகாட்டி விடும்.

பாஷை மாறிய கதை

சிலருக்கு விசித்திரமான சிக்கல் வரும். பிரவுசரில் எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். விண்டோசில் மட்டும் போல்டர் திறக்காது. பெட்டி உயிரோடு இருக்கிறது, பேசும் பாஷைதான் பழசு என்று அர்த்தம்.

பழைய பெட்டிகள் பேசுவது 'எஸ்.எம்.பி.1' என்ற முறை. அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து மைக்ரோசாப்ட் இந்த முறையை ஓரங்கட்ட தொடங்கியது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு இன்னும் கறார். பாஸ்வேர்டு இல்லாத பெட்டி என்றாலே பல கம்ப்யூட்டர்கள் முகத்தை திருப்பிக்கொள்ளும்.

பெட்டியின் பக்கத்தில் யூசர் பெயர், பாஸ்வேர்டு போட்டு, 'எஸ்.எம்.பி.2' வசதி இருந்தால் அதை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இன்டர்நெட்டை துண்டித்து விட்டு, கண்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் பீச்சர்ஸ் ஆன் ஆர் ஆப்' பகுதிக்கு போய் 'எஸ்.எம்.பி. 1.0 கிளையண்ட்' என்பதை மட்டும் டிக் செய்யலாம். பைலை காப்பி எடுத்த கையோடு டிக்கை எடுத்து விட வேண்டும். மறந்தால் ஆபத்து.

டிஸ்க்கை கழற்றுவது கடைசி வழி

பெட்டியே செத்து விட்டால் டிஸ்க்கை கழற்றி யு.எஸ்.பி. டாக்கில் மாட்டலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'பார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும். டிஸ்க் கெட்டதால் கேட்பது இல்லை. இந்த பெட்டிகள் பெரும்பாலும் லினக்சில் ஓடுபவை, அந்த எழுத்து விண்டோசுக்கு படிக்க தெரியாது, அவ்வளவுதான். 'கேன்சல்' கொடுத்து விட்டு, உபுண்டு போன்ற இலவச லினக்சை பென் டிரைவில் ஏற்றி திறந்து பார்க்கலாம்.

இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி என்றால் கழற்றும்போதே 1, 2 என்று எழுதி ஒட்ட வேண்டும். சில பெட்டிகளில் ஒரே பைல் இரண்டு டிஸ்க்கிலும் பாதி பாதியாக கிடக்கும். ஒன்றை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பின்பக்க ஓட்டையில் ஊசி விட்டு ரீசெட் செய்வதும் கூடாது. சில மாடல்களில் பாஸ்வேர்டு மட்டும் போகும். சிலவற்றில் பைல்களும் சேர்ந்து போகும்.

மீட்ட பிறகு...

பைல் கிடைத்ததும் பெட்டியை பழையபடி நெட்டில் விட்டு விடக்கூடாது. 2010-ல் அறிமுகமான வெஸ்டர்ன் டிஜிட்டல் 'மை புக் லைவ்' பெட்டிக்கு கடைசி அப்டேட் வந்தது 2015-ல். 2021 ஜூன் மாதம் உலகம் முழுவதும் பலரின் பெட்டிகளை விஷமிகள் இன்டர்நெட் வழியாகவே ரீசெட் செய்து காலி செய்தார்கள். பல வருட குடும்ப போட்டோக்களை ஒரே நாளில் இழந்தவர்கள் உண்டு.

எனவே அவசரமாக தேவைப்படும் போல்டரை முதலில் காப்பி எடுக்க வேண்டும். பிறகு மீதியை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்க வேண்டும். நாலைந்து போட்டோவை திறந்து பார்த்து உறுதி செய்த பிறகே, "ஆல்பம் ரெடியாகிடும், வந்து வாங்கிக்கங்க" என்று கல்யாண வீட்டுக்கு போன் போடலாம்.