பெட்ரோல் வண்டியும் எரிசாராயமும்

செஞ்சியில் கிருஷ்ணகிரிக் கோட்டையின் உச்சியில் நின்றால், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் மோட்டார் வண்டிகள் எறும்புச் சாரைபோல் ஊர்வதைக் காணலாம். அங்கே என்னுடன் மலையேறிய மாணவர் ஒருவர், "ஐயா, நம் மாவட்டத்தில் கரும்பு விளைகிறது, சர்க்கரை ஆலைகளும் இருக்கின்றன. இவ்வண்டிகளைப் பெட்ரோலை விடுத்து எரிசாராயத்தால் ஓட்டினால் என்ன?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

எரிசாராயம் என்பது எத்தனால். சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து, வடித்து, நீரை நீக்கினால் அது கிடைக்கும். இதனை வண்டிக்குப் பயன்படுத்துவது புதிதன்று. எண்ணெய் விலையேற்றத்தால் இடருற்ற பிரேசில் நாடு 1975-இல் இதற்கெனத் திட்டம் வகுத்தது. 1979-இல் எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. நம் நாட்டில் 1948-லேயே இதற்கொரு சட்டம் இயற்றப்பட்டது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது.

ஆயினும், பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சினில் முழு எத்தனாலை ஊற்றினால் அது திணறும். ஏன்? ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். ஆகவே, அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகப் பாய வேண்டும். பழைய வண்டியாயின் கார்புரேட்டரின் ஜெட் துளையை அகலப்படுத்த வேண்டும்; புதிய வண்டியாயின் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்குமாறு அதன் மின்னணுக் கட்டுப்பாட்டை மாற்ற வேண்டும்.

வேல விறகுக்குப் பதில் சுள்ளியை எரிப்பவர் அடிக்கடி அடுப்பில் இடவேண்டும் அல்லவா? எத்தனாலும் அத்தகையதே. மூன்று லிட்டர் எத்தனால் தரும் வெப்பம் ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கே ஈடாகும். மேலும், அது சிலவகை ரப்பர்க் குழாய்களையும் உலோகங்களையும் அரிக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் பிரேசில் கார்களில் எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே சிறு பெட்ரோல் தொட்டி ஒன்று இருந்தது. எஞ்சினில் 'நாக்கிங்' என்னும் தட்டலை அது நன்கு தாங்குவது உண்மையே. ஆனால், அழுத்த விகிதத்தை உயர்த்தி அமைத்த எஞ்சினிலேதான் அந்நன்மை முழுதாகக் கிட்டும்.

இனி, நீரின் கணக்கு. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நின்று நீருண்ணும் பயிர். நம் சங்கராபரணியோ மழையை நம்பிய ஆறு. கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் சாராயத்துக்கென்று தனியே வயல் வேண்டியதில்லை. கரும்புச் சாற்றையே எரிபொருளாக்க முனைந்தால், கிணறுகள்தாம் அதன் விலையைக் கொடுக்க நேரும்.

ஆகவே அம்மாணவருக்கு நான் கூறிய விடை இதுவே: "தம்பி, உன் எண்ணம் நன்று. ஆனால், நீயே ஜெட்டைக் குடைந்து பாராதே. பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. முதலில் வேதியியலைப் படி. எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகு. பிறகு உன் ஊர்க் கிணற்றின் ஆழத்தையும் அளந்து பார். இம்மூன்றும் அறிந்தவனே இவ்வினாவுக்கு முழுவிடை காண வல்லவன்."