கோப்புகள் குடிபெயரும்போது

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது பழமொழி. "வீடு மாறிப்பார்" என்பதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். புது வீட்டில் பால் காய்ச்சிய மறுநாள், "ரேஷன் அட்டை எங்கே?" என்று அம்மா தேடாத குடும்பம் உண்டோ? கணிப்பொறிக் கோப்புகள் குடிபெயர்வதும் இப்படித்தான்.

அன்புத் தோழியரே! அலுவலகங்கள் பலவும் தம் கட்டடத்திலேயே ஒரு சர்வரை நிறுவி, அதில் ஆவணங்களைச் சேமித்து வந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட ஷேர்பாயிண்ட் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்களும் வாரா. ஆகவே பலர் ஆவணங்களை 'மேக'த்துக்கு மாற்றுகின்றனர். மேகம் என்பது வானத்தில் இல்லை. தொலைவிலுள்ள பெரிய தரவு நிலையங்களையே அப்படி அழைக்கிறோம்.

மாற்றும்போது ஒருவருடைய பணிப்பதிவேடு தொலைந்தால் அவர் ஓய்வூதியத்துக்கு என்ன செய்வார்? மருத்துவச் சான்று ஒன்று எல்லார் கண்ணிலும் பட்டால் யார் பொறுப்பு? எனவே வழியில் நேரும் இடர்களை முன்னரே அறிந்துகொள்வது நன்று.

முதல் இடர் பெயர். நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் முதலியவை கோப்பின் பெயரில் இருந்தால் ஷேர்பாயிண்ட் மேகம் ஏற்காது. மாக் கணிப்பொறியில் பெயரிட்ட கோப்புகளில் இக்குறிகள் சில வந்துவிடுவதுண்டு.

இரண்டாவது நீளம். உறைக்குள் உறை, அதற்குள் இன்னோர் உறை என்று அடுக்கிக்கொண்டே போவது நம் பழக்கம். உறைகளின் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்த முழுப் பாதை 400 எழுத்துக்குறிகளைத் தாண்டக்கூடாது. பெயர்களைச் சுருக்குவதும் அடுக்குகளைக் குறைப்பதுமே இதற்கு மருந்து.

மூன்றாவது வேகம். ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி அனுப்பினால், மேகம் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். "பொறு, சற்றுக் கழித்து வா" என்பது அதன் பொருள். இது பழுதன்று. அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் முயன்றால் தாமதம் கூடுமே தவிரக் குறையாது. இரவிலும் வார இறுதியிலும் அனுப்புவது நலம்.

நான்காவது, எல்லாவற்றினும் பெரியது, உரிமை. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்பது பழைய சர்வரில் பயனர் பெயர்களோடு பிணைந்துள்ளது. பழைய பெயருக்கு ஈடான புதுப் பெயர் எது என்ற பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். மேலும், விண்டோஸ் சர்வரில் "இவர் பார்க்கக் கூடாது" என்று போட்ட தனித் தடையை, மைக்ரோசாஃப்டின் இலவச இடமாற்றக் கருவி உடன் கொண்டு செல்வதில்லை. தடை இருந்ததாக நம்பி இருந்துவிட்டால் இரகசியம் வெளியாகும். ஆகவே ஓர் எளிய பயனராக உள்ளே நுழைந்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாவது, ஒருவர் திருத்துவதற்காகத் தம் பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பி ஒப்படைக்காத கோப்பு. அவர் கடைசியாகச் செய்த திருத்தம் புது இடத்துக்கு வாராது. மாற்றும் நாளுக்கு முன் அனைவரையும் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும்.

சரி, முறையாகச் செய்வது எப்படி? முதலில் தேவையற்றதைக் கழியுங்கள். அடுத்து ஒரு சிறு பிரிவை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். பின்பு முழுவதையும் அனுப்புங்கள். முடிந்ததும் கருவி தரும் அறிக்கையை எக்ஸெலில் திறந்தால், வந்து சேராத கோப்பும் அதன் காரணமும் வரிவரியாக இருக்கும். காரணத்தைத் திருத்தி மறுபடி இயக்கினால், விடுபட்டவையும் இடையில் மாறியவையும் மட்டும் செல்லும். இறுதியில் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். சிலவற்றைத் திறந்தும் பாருங்கள். அளவை மட்டும் ஒப்பிட வேண்டாம். ஷேர்பாயிண்ட் தன் குறிப்புகளைச் சில கோப்புகளுக்குள் எழுதுவதால் அளவு சற்றே மாறலாம்.

இன்னொன்று! எல்லாம் சரியென்று உறுதியாகும்வரை பழைய சர்வரை அழித்துவிடாதீர்கள். புது வீட்டில் எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பார்க்குமுன் பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார் உண்டோ?

தோழியரே, நாளை உங்களுள் பலர் இத்தகைய பொறுப்புகளை ஏற்கக்கூடும். ஒவ்வொரு கோப்புக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறவாமல் பணியாற்றுவோமாக!