வேலை உண்டு, சம்பளம் இல்லை

வேலை கிடைத்தால் மகிழ்கிறோம், போனால் வருந்துகிறோம். ஆனால் வேலை போகவும் இல்லை, இருக்கவும் இல்லை என்றொரு நிலை உண்டு. அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நம் நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் பறக்கவில்லை. பறக்காத விமானத்துக்கும் வாடகை, பராமரிப்பு, நிறுத்தக் கட்டணம் என்று செலவு உண்டு. வரவு நின்று செலவு நிற்காதபோது சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஏர் இந்தியா, ஊழியர்களை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சம்பளமில்லா விடுப்பில் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே மாதம் இண்டிகோ நிறுவனம் பத்து சதவீத ஊழியரைக் குறைப்பதாக அறிவித்தது.

விமானிகள் வேறு கம்பெனிக்குப் போகலாமே என்று தோன்றும். மந்த காலத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கதிதான். ஒரு வகை விமானத்துக்குப் பயிற்சி பெற்றவர் மற்றொரு வகையை உடனே ஓட்டவும் முடியாது. 90 நாட்களில் மூன்று முறையேனும் விமானத்தை ஏற்றி இறக்காதவர், அக்குறையைத் தீர்த்த பிறகே பயணிகளை ஏற்றிச் செல்லலாம். ஆக, வீட்டில் உட்கார உட்கார அவருடைய தகுதியும் தேய்கிறது. படிப்புக்கு வாங்கிய கடனோ தேய்வதில்லை.

இது ஆகாயத்துச் சேதி. ஆயினும் நம் வில்லியனூர், பாகூர் மக்களுக்கு இந்தத் துன்பம் புதிதன்று. 'லே-ஆப்' என்ற சொல்லை மில் தொழிலாளர் வீடுகளில் சிறு பிள்ளையும் அறியும்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் 1898-இல் தோன்றியது, பெரியவர்கள் 'ரோடியர் மில்' என்று சொல்லும் ஏ.எப்.டி. மில். 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்ட தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் பலியாயினர். அதன் பயனாக 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அத்தகைய மில், 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் பெருஞ்சேதமடைந்தது. நஷ்டமும் சேர்ந்துகொள்ள, 2013 நவம்பரில் லே-ஆப் வந்தது. 2020 ஏப்ரல் 30-இல் மில் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆறாண்டுக்கு மேல் தொழிலாளர் காத்திருந்தனர்.

இங்கே இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். லே-ஆப் என்பது வேலை கொடுக்க இயலாமல் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆட்குறைப்பு என்பது பெயரையே எடுத்துவிடுவது. அன்று நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி, லே-ஆப் காலத்தில் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரவேண்டும். ஆட்குறைப்புக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் உண்டு. சம்பளமில்லா விடுப்பிலோ, பெயரே சொல்வதுபோல, அந்தப் பாதியும் இல்லை.

பாதிச் சம்பளத்தில் அரிசி வாங்கலாம். மகளின் கல்லூரிக் கட்டணம் எப்படிக் கட்டுவது? வேறு வேலைக்குப் போனால் பழைய வேலையின் உரிமை போய்விடுமோ என்ற அச்சம். போகாவிட்டால் பசி. "நாளைக்குத் திறப்பார்கள்" என்ற நம்பிக்கையே காலில் கட்டிய கயிறாகிறது. வேலை போனவனுக்கு அழுதபின் ஒரு வழி தெரியும். காத்திருப்பவனுக்கு அழவும் நேரம் வாய்ப்பதில்லை.

உழைப்பவனும் அவன் குடும்பமும் வாழப் போதிய கூலி தருவது நீதி என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே உலகுக்கு எழுதினார். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். உழைப்பு வெறும் கூலிக்கணக்கன்று, மனிதனின் மாண்பு என்பதே இவற்றின் பொருள்.

தோழியரே, நம்மில் சிலர் நாளை விமானம் ஓட்டலாம்; சிலர் ஆலை நடத்தலாம். ஓட்டுபவர், நல்ல காலத்திலேயே சிறிது சேமித்து, கைத்தொழில் ஒன்றும் கற்றுவைப்போம். நடத்துபவர், தொழிலாளருக்கு உண்மை நிலையைக் காலத்தோடு சொல்வோம். பக்கத்து வீட்டில் அப்பா பகலில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், "இன்று வேலைக்குப் போகவில்லையா?" என்று மட்டும் நாம் கேட்க வேண்டாம்.