ஸ்பெயின் நாட்டுக்கு ஒரு விடுமுறைப் பயணம்



தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு தகப்பனாரை எண்ணிப் பாருங்கள். மகன் படித்துப் பட்டணத்தில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் வந்து, “அப்பா, உங்களையும் அம்மாவையும் ஒரு தடவை ஸ்பெயின் நாட்டுக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன்” என்கிறான். தகப்பனார் உடனே என்ன சொல்லுவார்? “அந்த ஊரைப் பற்றி நமக்கு என்னப்பா தெரியும்? பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்து வராது, காசும் வீணாகப் போகும்” என்றுதான் சொல்லுவார்.

அவர் சொல்வதில் மூன்று அச்சங்கள் இருக்கின்றன: காசு, சாப்பாடு, பாஷை. இந்த மூன்றையும் முன்னேற்பாட்டினால் பெரும்பாலும் நீக்கிவிடலாம். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற ஒழுங்கு தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒழுங்கைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஸ்பானிய மொழி ஏறத்தாழ இருபது நாடுகளில் ஆட்சி மொழியாக இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், வெகு தொலைவில் உள்ளன. முதல் தடவை போகும் குடும்பத்துக்கு ஸ்பெயினே வசதியானது. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்காக, எந்த 180 நாள்களிலும் 90 நாள்கள் வரை, விசா இல்லாமல் அங்கே தங்கலாம்.

முதல் வேலை, பத்திரங்களைப் பார்ப்பது. பெற்றோரிடம் ஆசை வார்த்தை சொல்லுமுன், அவர்களுடைய அடையாளக் கார்டை எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மலேசியக் கடப்பிதழ் பெற முடியாது. விசா விலக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. டிக்கெட் வாங்கிய பிறகு இது தெரிய வந்தால், பணமும் போகும், பெற்றவர்களின் மனமும் நோகும். நீலக் கார்டு உள்ளவர்கள் கடப்பிதழ் எடுத்ததும், அதிலுள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். டிக்கெட்டிலும் அதே எழுத்துகள்தாம் இருக்க வேண்டும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயர்தான் பின்னால் வரும். விமான நிறுவனங்களின் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். நடுவில் வரும் சாய்கோட்டையும் பல படிவங்கள் ஏற்பதில்லை. எப்படி எழுதுவது என்று அந்த நிறுவனத்தையே கேட்டு எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

கடப்பிதழின் காலக்கெடு, நீங்கள் ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் இருக்க வேண்டும். ஆறு மாதம் இருந்தால் கவலையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 அக்டோபர் முதல், வருகின்ற அயல்நாட்டாரின் கைரேகையையும் முகப்படத்தையும் எல்லையில் பதிவு செய்யத் தொடங்கியது. இணையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறும் ‘எதியாஸ்’ என்ற முறையையும் அது ஏற்பாடு செய்திருக்கிறது. ஆகவே டிக்கெட் வாங்குமுன் அப்போதைய விதிகளை ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அதிகாரி கேட்கலாம். அவற்றைக் கைப்பையில் வைத்திருங்கள்.

இரண்டாவது, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. நாம் வெயிலுக்குப் பழகியவர்கள்தாம். ஆனாலும் ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அது காய்ந்த அனல், முதியவர்களுக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களுமே நல்லவை. ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் மட்டும் செவில்லா போன்ற ஊர்களில் கூட்டமும் அறை வாடகையும் மிகுதி. தலைநகரான மத்ரித், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வசந்த காலத்திலும் இரவு குளிரும். ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம்.

மூன்றாவது, பணம். கடன் வாங்கிப் போகும் பயணம், திரும்பி வந்த பின்னும் முடிவதில்லை. வட்டி பின்னாலேயே வரும். ஆகையால் ஓராண்டு முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். செலவை நான்காகப் பிரித்து எழுதுங்கள்: விமான டிக்கெட் ஒன்று, தங்குமிடம் ஒன்று, சாப்பாடும் உள்ளூர்ப் பயணமும் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. பயணக் காப்புறுதியை விமான டிக்கெட்டோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அயல்நாட்டில் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தாலும் சேமிப்பெல்லாம் கரைந்துவிடும். முகவர் மூலம் போவதானால், அவரிடம் நம் சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா என்று பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டே பணம் கொடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக ரொக்கத்தைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது.

நான்காவது, வழித்திட்டம். பத்து நாள் போகிறவர்கள் நாலு ஊரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதலில் மத்ரித்தில் மூன்று நாள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் ஆறு மணி நேரமும், குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும் வித்தியாசம். முதல் நாள் உறக்கம் கலையும். அன்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1819இல் திறக்கப்பட்ட பிராதோ ஓவியக் காட்சியகத்தில் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 மணி வரையிலும், ஞாயிறன்று 5 முதல் 7 வரையிலும் கட்டணம் இல்லை.

அங்கிருந்து விரைவு ரயிலில் கோர்தோபா போகலாம். மத்ரித்திலிருந்து செவில்லா வரையிலான அந்த விரைவுப் பாதை 1992இல் திறக்கப்பட்டது. ரயில் டிக்கெட்டை முன்னதாக வாங்கினால் விலை குறைவு. கோர்தோபாவில் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1236இல் அந்நகரம் கிறிஸ்துவ அரசர் கைக்கு மாறியபோது, அது தேவாலயமாயிற்று. எண்ணூறுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. மே மாதத்தில் போனால், அவ்வூர் மக்கள் வீட்டு முற்றங்களைப் பூந்தொட்டிகளால் அலங்கரித்து, வருவோர்க்குத் திறந்து வைத்திருப்பதைக் காணலாம். லயத்து வாசலில் பூச்செடி வளர்த்த தாய்மார்களுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

அடுத்து செவில்லா, அதன்பின் கிரனாதா. கிரனாதாவில் உள்ள அல்ஹம்பிரா, 1492இல் முடிவுக்கு வந்த நஸ்ரித் மன்னர்களின் அரண்மனை. இதற்கு மட்டும் டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். டிக்கெட்டில் பெயரும் கடப்பிதழ் எண்ணும் இருக்கும். அரண்மனைக்குள் நுழைவதற்குக் குறித்த நேரமும் இருக்கும். அந்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். பழகிய காலணியையே அணியுங்கள். நெரிசலான இடங்களில் ஜேப்படிக்காரர்கள் உண்டு. கடப்பிதழைச் சட்டைக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஐந்தாவது, சாப்பாடும் உடல்நலமும். இதை நம்மவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். ஜூன் மாதக் கடைசியில் மத்ரித்தில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான். நம் குடும்பங்களில் நீரிழிவு நோய் உள்ளவர்கள் பலர். மாத்திரையை வேளைக்குப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தால் மயக்கம் வந்துவிடும். ஆகவே பையில் எப்போதும் ரொட்டி, பழம், பிஸ்கட் இருக்கட்டும். வேளை மாறுவதையும் நேர வித்தியாசத்தையும் புறப்படுமுன் டாக்டரிடம் சொல்லி, மருந்தை எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினையும் மாத்திரைகளையும் டாக்டரின் கடிதத்தோடு கைப்பையிலேயே கொண்டு போங்கள்.

அங்கே பன்றித் தொடைக்கறி மிகுதியாகப் புழங்கும். காய்கறி என்று சொல்லித் தருவதிலும் அதைத் துண்டு துண்டாகப் போட்டிருப்பார்கள். வேண்டாதவர்கள் ‘சின் ஹமோன்’ என்று சொல்ல வேண்டும். ‘சின்’ என்றால் இல்லாமல். ‘ஹமோன்’ என்பது அந்தக் கறி. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ‘தெர்னேரா’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அது இளமாட்டுக் கறி. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் ‘தோர்த்தில்யா’ எங்கும் கிடைக்கும். வேலை நாள்களில் மதியம் ‘மெனு தெல் தியா’ என்று கேட்டால், ஒரே விலையில் இரண்டு வகைப் பதார்த்தமும் ரொட்டியும் தருவார்கள். சிக்கனமான சாப்பாடு அதுதான்.

இனி மொழி. இங்கேதான் நம்மவர்கள் வீணாக அஞ்சுகிறார்கள். ஸ்பானிய மொழியைப் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். நம் தமிழைப் போல. அதன் உயிரொலிகள் ஐந்து. அ, எ, இ, ஒ, உ ஆகிய நம் எழுத்துகளுக்கு அவை நெருக்கமானவை. ஆங்கிலேயர் தடுமாறும் ஒலிகள் நமக்கு எளிது. நம்முடைய ‘ஞ’ அங்கே இருக்கிறது: ‘நிஞோ’ என்றால் குழந்தை. ர, ற வேறுபாடு போன்ற ஒன்றும் இருக்கிறது: ‘பெரோ’ என்றால் ஆனால், நாவை உருட்டிப் ‘பெறோ’ என்றால் நாய்.

சில சொற்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. மேசைக்கு ஸ்பானியச் சொல் ‘மெசா’, அலமாரிக்கு ‘அர்மாரியோ’. மலாய் மொழியில் நாம் சொல்லும் கெமேஜா அங்கே ‘கமிசா’. செப்பாத்து அங்கே ‘தபாத்தோ’. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துகீசிய மொழி, முன்னாளில் கப்பலேறி இந்தியக் கரைகளுக்கும் மலாக்காவுக்கும் வந்தபோது விட்டுச்சென்ற சொற்கள் இவை. இவற்றோடு ‘ஓலா’ என்ற வணக்கத்தையும், ‘கிராத்தியாஸ்’ என்ற நன்றியையும், ‘குவாந்தோ குவெஸ்தா’, அதாவது என்ன விலை என்ற கேள்வியையும், ‘தோந்தே எஸ்தா’, அதாவது எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் படித்துக்கொண்டால் கடைத்தெருவுக்குப் போதும். ஒரு மாதம், தினம் ஒரு சொல்லாகப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

நேயர்களே, தொடக்கத்தில் ஒரு தகப்பனார், “நமக்கு என்னப்பா தெரியும்” என்று கேட்டார் அல்லவா? அந்தலூசியாவில் ரயிலிலோ பேருந்திலோ போகும்போது சன்னல் வழியே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குன்று குன்றாக ஒலிவ மரங்கள் நிரை பிடித்து நிற்கும். உலகிலேயே மிகுதியாக ஒலிவ எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். குளிர்காலத்தில் கம்பால் தட்டிக் காய்களை உதிர்ப்பார்கள். இப்போது மரத்தைக் குலுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அங்கேயும் பெரிய பெரிய தோட்டங்கள் உண்டு. அவற்றில் பரம்பரையாகத் தினக்கூலிக்குப் பாடுபட்ட மக்களும் உண்டு. ‘ஹோர்னலேரோ’ என்று அவர்களுக்குப் பெயர். நாட்கூலி என்னும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

நிரையின் இடைவெளியைப் பார்த்ததும் மரத்தின் வயதையும் மண்ணின் தரத்தையும் பற்றிப் பேசக்கூடியவர் அந்தக் குடும்பத்தில் யார்? படித்த மகனா? இல்லை, தகப்பனார்தான். அவருக்குத் தெரிந்தது அங்கேயும் செல்லும். ஆகவே பெரியவர்களை விட்டுவிட்டுத் திட்டம் போடாதீர்கள். இன்று மாலையே ஒரு காகிதத்தை எடுத்து, குடும்பமாக உட்கார்ந்து, முதல் வரியில் எல்லாருடைய பெயரையும் அடையாளக் கார்டில் உள்ளபடி எழுதுங்கள். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.