காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி

ரொறன்ரோவில் பிள்ளைகளிடம் போய்வந்த தாய்மார், வீட்டின் நிலக்கீழறையில் இரவுபகலாக இரையும் ஒரு பெட்டியைப் பற்றி எம்மிடம் கூறுவதுண்டு. அது என்ன செய்கிறது?

குளிர்காலத்தில் அங்கே யன்னலைத் திறந்தால், காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று போய்விடும். பூட்டியே வைத்தால் சமையல் ஆவி உள்ளே தங்கிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பெட்டிக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. தகட்டின் ஒரு பக்கத்தால் பழைய சூட்டுக்காற்று வெளியேறுகிறது. மறுபக்கத்தால் புதிய குளிர்காற்று வருகிறது. இரண்டும் கலப்பதில்லை. சூடு மாத்திரம் தகட்டினூடாகக் கைமாறுகிறது. 1977இல் கனடாவின் றெஜைனா நகரில் கட்டப்பட்ட பரிசோதனை வீட்டிலேயே இவ்வமைப்பு இருந்தது.

சூட்டை மீட்க எமக்குப் பெட்டி எதற்கு? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, ஆண்டுக்கணக்காகத் தகரக் கூரையின் கீழ் வெந்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் காற்று வரவும் போகவும் தனித்தனி வழி வேண்டும் என்பது எமது குசினிக்கும் பொருந்தும். புகையும் சூடும் மேலெழும்பும். ஆகவே சோளகம் வீசும் பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு விடுங்கள். பாம்பு, எலி நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். எதிர்ச் சுவரில், கூரையோரமாக மற்றொன்று. வாடைக்கும் மாரிக்கும் அதற்கு ஒரு தகர மறைப்புப் போதும். தகரத்தின் மேல் கிடுகு பரப்பினால் வெக்கை தணியும். அடுப்புக்கு நேர்மேலே மாத்திரம் வேண்டாம், தீப்பிடிக்கும்.

மீளக்குடியேறி வீடு கட்டுவோர் இதை அத்திவாரம் வெட்டும்போதே மேசனிடம் சொல்லிவிடுங்கள். சுவர் எழும்பிய பின் உடைக்கக் கூலி வேறு.