தாடைக்கு எதிரே ஒரு முடிச்சு

கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில் வாங்குகிறவர்கள் வில்லின் விலையைப் பத்து இடத்தில் விசாரிக்கிறார்கள். நாணின் நடுவில் கட்டியிருக்கும் சின்னக் கயிற்று வளையத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆங்கில ‘டி’ எழுத்துப் போல வளைந்திருப்பதால் அதற்கு டி-லூப் என்று பெயர். நாணை இழுத்து விடக் கையில் பிடிக்கும் ரிலீஸ் கருவியின் கொக்கி அதில்தான் மாட்டுகிறது. போட்டிகளில் உலக வில்வித்தைக் கூட்டமைப்பு அனுமதிக்கும் உச்ச இழுவிசை 60 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 27 கிலோ. முழுதாக இழுத்த பிறகு வில்லின் கப்பிகள் பாரத்தைக் குறைத்துவிடும். ஆனால் இழுக்கும் வழியில் அத்தனை பாரமும் இந்த வளையத்தின் மேல்தான். அப்போது முடிச்சு நழுவினால், பின்னால் வந்துகொண்டிருக்கும் கை அதே வேகத்தில் தாடையில் இடிக்கும். கையில் இருப்பது உலோகம் என்பதை மறக்க வேண்டாம்.

அம்பு எங்கே போகும்? அந்த நொடியில் வில் எங்கே பார்க்கிறதோ அங்கே. வானத்தைப் பார்த்து வில்லை இழுப்பதை நடுவர்கள் தடுப்பது இதனால்தான். தவறி விடுபட்ட அம்பும் பாதுகாப்பு எல்லைக்குள் விழ வேண்டும் என்பது விதி.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு வந்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது. இவற்றைப் பார்த்துப் புதிதாக இந்த வில்லைத் தொடும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

நாணில் ரிலீஸை மாட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அம்புக்குக் கீழே நாணிலேயே நேராகக் கவ்வுவது. இதில் நாணைச் சுற்றியிருக்கும் காப்பு நூல் சீக்கிரம் தேயும். இழுவை அம்பின் நேர்ப் பின்னால் இல்லாமல் கொஞ்சம் கீழே விழும். இரண்டாவது, திருகாணி வைத்துப் பொருத்தும் உலோக வளையம். முடிச்சுப் போடத் தெரிய வேண்டாம், இடமும் மாறாது. ஆனால் நாணில் எடை கூடுவதால் அம்பின் வேகம் சற்றுக் குறையும். அதிர்வில் திருகாணி தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது கயிற்று வளையம். இழுவை அம்புக்கு நேர்ப் பின்னால் விழும், நாண் தேயாது, செலவும் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் கயிறுதான், ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

அந்த ஒழுங்கில்தான் விஷயமே இருக்கிறது. இதற்கென்றே விற்கும், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் கயிறு வேண்டும். ஷூ கயிறும் மளிகைக்கடை நைலானும் இதற்கு ஆகாது. பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் வெட்டி, இரு நுனியையும் நெருப்பில் உருக்கிக் காளான் தலை போலக் கொண்டையாக்க வேண்டும். கொண்டை சிறுத்தால் முடிச்சுக்குள் புகுந்து உருவிக்கொள்ளும். அம்பின் வால் மாட்டும் இடத்துக்கு மேலே ஒரு முடிச்சு, கீழே ஒன்று, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் பார்த்தால் வளையம் நாணில் சுழலும். கடைசியில் பிளையரை வளையத்துக்குள் விட்டு விரித்து இறுக்க வேண்டும். கையால் இறுக்கியது போதாது. முதல் முறை இழுக்கும்போது இலக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, அம்பை மாட்டி, பலகையை நோக்கியே இழுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் எய்யுமுன் ஒரு பார்வை: கொக்கி உட்காரும் இடத்தில் பிசிர் கிளம்பியிருந்தால் அன்றே மாற்றுங்கள்.

சரி, கடைக்காரர் கட்டிக்கொடுத்த வளையமே அறுந்து பிள்ளைக்கு அடிபட்டால்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு கேட்கத் தனி அத்தியாயம் இருக்கிறது. விற்பவர் மட்டுமல்ல, இறக்குமதி செய்பவரும் பொருத்துபவரும் பழுதுபார்ப்பவரும்கூட அதன் கணக்கில் ‘விற்பனையாளர்’தான். வில் வெளிநாட்டில் செய்தது என்று கையை விரிக்க முடியாது. சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ தராததற்கும் தயாரிப்பாளரே பொறுப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. விபத்தின்போது பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பயன்படுத்தப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மேல் வழக்கு நிற்காது. கடையில் கட்டிய வளையத்தை அவிழ்த்து வீட்டுக் கயிற்றைக் கட்டியவருக்கு வாதம் கடினம். பழைய நாணில் புது வளையம் கட்டித் தருவதற்கும் ரசீது கேளுங்கள். சின்ன வேலைக்கு ரசீதா என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

புகார் சொல்ல முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

அடிபட்டவுடன் மருத்துவரிடம் போங்கள், சிகிச்சைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வில்லின் கைகளையும் கப்பிகளையும் தெரிந்தவர் பார்க்கும்வரை அதில் மறுபடி அம்பு விடாதீர்கள். அறுந்த கயிற்றைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். கொண்டை உருவியதா, கயிறு தேய்ந்து அறுந்ததா என்று சொல்ல அதைவிட்டால் வேறு சாட்சி கிடையாது.